சட்டையைப் பார்த்துச் சீட்டைச் சொல்கிறவர்கள்

2025 ஆகஸ்ட் 23, சனி

நேற்று குடியரசுத் தலைவர் ஒப்புதல் கொடுத்துவிட்டார். ஆன்லைனில் பணம் வைத்து ஆடும் ஆட்டம் எதுவும் இனி இந்த நாட்டில் கிடையாது. புதன்கிழமை மக்களவை, வியாழக்கிழமை மாநிலங்களவை, வெள்ளிக்கிழமை சட்டம். எங்கள் அம்மாபேட்டைத் தறியில் ஒரு பாவு ஓட்டி முடிக்கிற நேரம்கூட ஆகவில்லை.

போக்கர் திறமை ஆட்டமா, அதிர்ஷ்ட ஆட்டமா என்று எத்தனை வருஷம் கோர்ட்டில் பேசினார்கள்! தமிழ்நாடு 2022-ல் கொண்டுவந்த தடைச் சட்டத்தின் பட்டியலிலிருந்து ரம்மியையும் போக்கரையும் சென்னை உயர் நீதிமன்றம் 2023 நவம்பர் 9-ல் எடுத்துவிட்டது. இரண்டும் திறமை ஆட்டம் என்றது தீர்ப்பு. புதிய மத்தியச் சட்டம் அந்த வித்தியாசத்துக்குள்ளேயே போகவில்லை. பணம் கட்டி ஆடுகிறாயா, தடை. அவ்வளவுதான். எனக்கு இதில் வருத்தம் இல்லை. நீதிபதி சந்துரு குழு 2022-ல் தடை வேண்டும் என்று அறிக்கை கொடுத்ததே, இந்தத் தெருக்களைச் சுற்றிப் பார்த்தவர்களுக்கு அதன் காரணத்தை விளக்க வேண்டியதில்லை.

எனக்குப் பிடித்தது ஆட்டம், பணம் இல்லை. ராத்திரி கடை கணக்கு முடித்துவிட்டு போனைத் திறந்தால் எதிரில் ஐந்து பேர் இருப்பார்கள். ஒருவருக்குச் சிங்கப் படம், ஒருவருக்கு பிள்ளையார் படம், மற்றவர்களுக்கு வெறும் வட்டம். யார், எந்த ஊர், வேட்டியா பேன்ட்டா, ஆணா பெண்ணா, ஒன்றும் தெரியாது. அவர் எவ்வளவு வைக்கிறார், எத்தனை வினாடி யோசிக்கிறார் என்ற இரண்டை வைத்துத்தான் ஆளைக் கணிக்க வேண்டும். துணிக் கடைக்காரனான நான் வருஷக்கணக்கில் துணியே இல்லாத மனிதர்களோடு ஆடியிருக்கிறேன் என்பது இன்றைக்குத்தான் உறைத்தது.

வாட்ஸ்அப்பில் நம் ஆட்கள் பேசி முடித்துவிட்டார்கள். நாளையிலிருந்து ஞாயிறுதோறும் கடை மாடியில் நேரில் உட்கார்ந்து ஆடுவது. பணம் கிடையாது, புளியங்கொட்டை. தோற்றவர் எல்லோருக்கும் தட்டுவடை செட் வாங்கித் தரட்டும் என்றார் மண்டிக்கார அண்ணன். வக்கீல் ஒத்துக்கொள்ளவில்லை. "அதையும் பந்தயப் பொருள்னு ஒரு இன்ஸ்பெக்டர் எழுதிட்டார்னா, தட்டுவடை எக்ஸிபிட் ஆயிரும்ணா" என்றார். பங்கு போட்டு வாங்குவது என்று தீர்மானம்.

ஆகஸ்ட் 24, ஞாயிறு

ஆறு பேர். வெண்பட்டு வேட்டிகள் அடுக்கிய பெட்டிகளை ஓரம் தள்ளிவிட்டு, நடுவில் ஜமுக்காளம்.

வந்தவர்களை எழுதி வைக்கிறேன். மண்டிக்கார அண்ணன் செவ்வாய்ப்பேட்டையிலிருந்து வந்தார். ஊதா நிற மினுமினுப்புச் சட்டை, மேல் இரண்டு பொத்தான் திறந்திருக்கிறது, உள்ளே கயிறு மாதிரி தங்கச் சங்கிலி, கையில் பெரிய வாட்ச். ஓய்வுபெற்ற வங்கி மாமா இஸ்திரி போட்ட அரைக்கைச் சட்டையை பேன்ட்டுக்குள் விட்டு, பையில் இரண்டு பேனா. கொலுசுப் பட்டறைத் தம்பி பனியன், லுங்கி, வேலையிலிருந்து நேராக. வக்கீல் ஜீன்ஸ். டீச்சரக்கா காட்டன் சேலை, மூக்குக் கண்ணாடி. நான் எப்போதும்போல வேட்டி.

ஆட்டம் தெரியாதவர்களுக்கு: ஆளுக்கு இரண்டு சீட்டு மறைவாக, நடுவில் ஐந்து சீட்டு பொதுவாக. ஏழில் நல்ல ஐந்தைச் சேர்த்துக்கொள்ள வேண்டும். நடுவே நான்கு முறை பந்தயம். கையில் ஒன்றும் இல்லாமலே அதிகமாக வைத்து மற்றவர்களைக் கிளப்பிவிடலாம். அதுதான் பிளஃப். ஆகவே, கையில் என்ன இருக்கிறது என்பதைவிட என்ன இருப்பதாக எதிராளி நம்புகிறார் என்பதில்தான் பாதி ஆட்டம்.

முதல் அரை மணி நேரம் மண்டி அண்ணன் கொட்டையை ஏற்றும்போதெல்லாம் இரண்டு பேர், மூன்று பேர் கூடவே போனார்கள். "அண்ணன் சும்மா அள்ளி விடறார்." ஒவ்வொரு தடவையும் அவர் திருப்பிக் காட்டியது ஜோடி ராஜா, இல்லாவிட்டால் ஒரே இனத்தில் ஐந்து. ஒரு தடவைகூட வெறுங்கையோடு அவர் வரவில்லை. லீ பஜாரில் இருபது வருஷம் மூட்டையைக் குத்திப் பார்க்காமல் அட்வான்ஸ் கொடுக்காத மனிதர் அவர். வியாபாரத்தில் இருக்கிற அந்தச் சுபாவம்தான் சீட்டிலும் இருக்கிறது. சட்டை மட்டும் கல்யாண வீட்டுச் சட்டை.

இரண்டு பேனா மாமா இதற்கு நேர் எதிர். அவர் வைத்தால் எல்லோரும் மடக்கினார்கள். வங்கியில் முப்பது வருஷம் கையெழுத்தைச் சரிபார்த்தவர் பொய்யாக வைப்பாரா? வைத்தார். நாங்கள் மடக்கியபின் சிரித்துக்கொண்டே இரண்டு, ஏழு என்று காட்டினார். இஸ்பேட்டு இரண்டு, டைமன் ஏழு. இந்த ஆட்டத்தில் அதைவிடக் கேவலமான ஆரம்பம் இல்லை.

"எப்ப மாமா இப்படி ஆனீங்க?"

"லோன் கேட்டு வர்றவங்க எல்லாம் நல்ல சட்டை போட்டுக்கிட்டுத்தாங்க வருவாங்க. அவங்ககிட்டக் கத்துக்கிட்டது."

ஆகஸ்ட் 27, புதன்

பிள்ளையார் சதுர்த்தி. கடை லீவு. கொழுக்கட்டை, தூக்கம்.

மத்தியானம் யூடியூபில் பழைய ஆட்டம் ஒன்று பார்த்தேன். 2003, லாஸ் வேகாஸ், போக்கர் உலகத் தொடரின் கடைசி இரண்டு பேர். ஒரு பக்கம் சாமி ஃபர்ஹா: பெய்ரூட்டில் பிறந்தவர், கோட்டு, திறந்த காலர், வாயில் பற்றவைக்காத சிகரெட். பார்த்தாலே தொழில்காரர். எதிர்ப்பக்கம் கிறிஸ் மணிமேக்கர்: டென்னஸியைச் சேர்ந்த கணக்கர், தொப்பி, கறுப்புக் கண்ணாடி, ஸ்பான்சர் பேர் போட்ட சட்டை. சில பத்து டாலர் கட்டி ஆன்லைன் தகுதிச் சுற்றில் ஜெயித்து வந்தவர். மொத்தம் 839 பேர் ஆடிய போட்டி, முதல் பரிசு 25 லட்சம் டாலர்.

நடுவில் 9, 2, 6, அப்புறம் 8, கடைசியாக 3. ஃபர்ஹா கையில் ஜோடி ஒன்பது. அந்த நேரத்தில் அதுதான் நல்ல கை. மணிமேக்கரிடம் ராஜாவைத் தவிர ஒன்றும் இல்லை. இஸ்பேட்டு வரும் என்று பார்த்தார், வரவில்லை. இருந்ததை எல்லாம் நடுவில் தள்ளினார். ஃபர்ஹா வெகுநேரம் யோசித்தார். பேச்சுக் கொடுத்துப் பார்த்தார். எதிரில் இருந்தவர் கல். கடைசியில் ஃபர்ஹா மடக்கிவிட்டார். கொஞ்ச நேரத்தில் பட்டம் கணக்கருக்கு.

அதை எல்லோரும் தைரியத்துக்கு உதாரணமாகச் சொல்வார்கள். எனக்கு அந்தத் தொப்பியும் சட்டையும்தான் கண்ணில் நிற்கிறது. ஃபர்ஹா போட்டிருந்த கோட்டை மணிமேக்கர் போட்டிருந்து அதே மாதிரி தள்ளியிருந்தால், ஃபர்ஹா கூடவே போயிருப்பார் என்றே நினைக்கிறேன். முதல்முறை பெரிய போட்டிக்கு வந்திருக்கிற கணக்கர், உலகமே பார்க்கிற இடத்தில், கையில் ஒன்றும் இல்லாமல் எல்லாவற்றையும் வைப்பான் என்று எந்தத் தொழில்காரருக்குத் தோன்றும்?

ஆகஸ்ட் 31, ஞாயிறு

இன்றைக்கு டீச்சரக்காவின் நாள். ஆனால் அவருக்கு அதில் திருப்தி இல்லை.

ஒன்றரை மணி நேரம் அவர் வைத்ததற்கு ஒருவரும் எதிர் வைக்கவில்லை. கடைசியில் ஒரு கையை வேண்டுமென்றே காட்டினார். வெறும் ஜாக்கி. வக்கீல் தலையில் கை வைத்துக்கொண்டார். "அக்கா, நீங்க இப்படிச் செய்வீங்கன்னு நெனைக்கவே இல்ல." "ஏன் நெனைக்கல?" என்று அக்கா கேட்டார். வக்கீலிடம் பதில் இல்லை. எங்கள் எல்லோரையும் பரீட்சை ஹாலில் நிற்க வைத்த கேள்வி அது. அக்கா சேலை கட்டியிருக்கிறார், கண்ணாடி போட்டிருக்கிறார், கொண்டை. ஆகவே பொய் சொல்லமாட்டார். கணக்கு இவ்வளவுதான்.

அதற்குப் பிறகு நடந்ததுதான் வேடிக்கை. அக்காவுக்கு நிஜமாகவே மூன்று ராணி வந்தது. வைத்தார். உடனே நாலு பேர் கூடப் போனார்கள். கொட்டை எல்லாம் அவர் பக்கம். தோற்றத்தால் வந்த மரியாதை ஒரு கையைக் காட்டியதும் போய்விட்டது. ஆனால் அது போனதே அவருக்கு இன்னொரு வகையில் லாபமாக வந்தது. எது நல்லது என்று வீட்டுக்குப் போகும்போது அக்காவைக் கேட்டேன். "ரெண்டும் நல்லதுதாங்க தம்பி. ஆனா நான் என்ன செய்யறேன்னு யாரும் பார்க்கலையே, என்ன கட்டியிருக்கேன்னுதானே பார்த்தாங்க" என்றார்.

மரியா கொன்னிகோவா என்ற பெண்மணி, மனவியலில் டாக்டர் பட்டம் வாங்கியவர், போக்கர் கற்றுக்கொண்டு 2018-ல் ஒரு போட்டியை ஜெயித்து, 2020-ல் புத்தகமும் எழுதினார். ஆண்கள் நிறைந்த மேஜையில் பெண்ணை எப்படி வகைப்படுத்தி ஆடுகிறார்கள் என்பதும், அந்த வகைப்படுத்தலை அவர் எப்படித் தனக்குச் சாதகமாக்கினார் என்பதும் அதில் உண்டு. அக்காவுக்கு அந்தப் புத்தகம் தேவைப்படாது.

செப்டம்பர் 2, செவ்வாய்

விடிகாலை மாமாவோடு (வங்கி மாமா இல்லை, என் சொந்த மாமா) நாமக்கல் பக்கம் புதன்சந்தை மாட்டுச் சந்தைக்குப் போனேன். அவருக்கு ஒரு கறவை மாடு வேண்டும். எனக்கு வேலை இல்லை. வேடிக்கை பார்க்கத்தான் போனேன். இதை விரிவாக எழுத வேண்டும்.

டியூப் லைட் வெளிச்சம், சாணி வாசம், வரிசை வரிசையாக மாடுகள். தரகர் எங்களைப் பார்த்ததும் மாட்டைப் பற்றிப் பேசவில்லை. மாமாவின் காலைப் பார்த்தார். ரப்பர் செருப்பு, வெடித்த குதிகால், முழங்கால் வரை மடித்த வேட்டி. பிறகு என் காலைப் பார்த்தார். தோல் செருப்பு, வெளுத்த வேட்டி. என்னைப் பார்த்துச் சொன்ன விலைக்கும், கொஞ்சம் தள்ளிப்போய் மாமாவிடம் சொன்ன விலைக்கும் வித்தியாசம் இருந்தது. "நீ டீ குடிச்சிட்டு வா மாப்ள" என்று மாமா என்னை அனுப்பிவிட்டார். என் வேட்டியால் மாட்டு விலை ஏறுவதை அவர் விரும்பவில்லை.

டீயைக் கையில் வைத்துக்கொண்டு தூரத்திலிருந்து பார்த்தேன். தரகர் தோளில் இருந்த துண்டை எடுத்து, தன் வலது கையின் மேல் போட்டார். மாமா அந்தத் துண்டுக்கு அடியில் கையை விட்டார். இரண்டு பேரும் வேறெங்கோ பார்த்தார்கள். தரகர் மழையைப் பற்றிப் பேசினார். மாமா தலையை ஆட்டினார், ஆட்டவில்லை. துண்டு மட்டும் லேசாக அசைந்தது. உள்ளே விரலைப் பிடிப்பார்கள்: எத்தனை விரல் பிடிக்கிறார்களோ அத்தனை. ஆயிரமா, பத்தாயிரமா என்பது மாட்டைப் பார்த்தாலே தெரிந்துவிடும். அதை விரலில் சொல்ல வேண்டியதில்லை. பக்கத்தில் நிற்கிற மாட்டுக்காரருக்கும் அடுத்து வாங்க வருகிறவருக்கும் என்ன விலையில் நிற்கிறது என்று தெரியக்கூடாது, அதற்குத்தான் துண்டு.

தமிழ்நாட்டுச் சந்தைகளில் காலகாலமாக இருக்கிற வழக்கம். அந்தியூர் குருநாதசாமி கோயில் ஆடிச் சந்தையிலும் இதைப் பார்த்திருக்கிறேன். போக்கர் என்ற பேரே கேள்விப்படாத மனிதர்கள், முகத்தில் ஒன்றும் காட்டாமல் கையால் விலை ஏற்றுகிறார்கள். செருப்பைப் பார்த்து ஆளை எடைபோடுவது முதல் சுற்று. துண்டுக்குள் போனபிறகு செருப்புக்கு மதிப்பு இல்லை, விரலுக்குத்தான்.

மாமா மூன்று தடவை கையை உருவிக்கொண்டு நடந்தார். மூன்று தடவையும் தரகர் கூப்பிட்டார். நாலாவது தடவை மாடு எங்களோடு வந்தது. வண்டியில் ஏறியபின் கேட்டேன், "ஏன் மாமா கிழிஞ்ச பனியனோட வந்தீங்க, வீட்ல நல்ல சட்டை இல்லையா?" "இருக்கு மாப்ள. அது மாடு விக்கிறப்பப் போடறது" என்றார்.

செப்டம்பர் 4, வியாழன்

பேப்பர் முழுக்க நேற்றைய ஜிஎஸ்டி கவுன்சில். தைத்த துணிக்கு 2500 ரூபாய் வரை 5 சதவீதம். கேசினோ, குதிரைப் பந்தயம் வகையறாவுக்கு 40. இரண்டும் 22-ஆம் தேதியிலிருந்து. கோவா கப்பலில் போய் ஆடலாம் என்று ஆசைப்பட்ட வக்கீல் அந்தப் பக்கத்தை மடித்து வைத்துவிட்டார்.

செப்டம்பர் 7, ஞாயிறு

ராத்திரி முழுச் சந்திர கிரகணம். 9.57-க்குப் பிடிக்கிறது, அதற்கு முன்னாலேயே சாப்பிட்டு முடிக்க வேண்டும் என்று டீச்சரக்கா சொல்லிவிட்டதால் மூன்று மணிக்கே உட்கார்ந்தோம்.

வக்கீல் தொப்பியும் கறுப்புக் கண்ணாடியுமாக வந்தார். எல்லோரும் சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை. 2004-ல் உலகத் தொடரை ஜெயித்த கிரெக் ரேமர் பல்லிக் கண் வரைந்த கண்ணாடி போட்டு ஆடினார், அதற்கு 50 லட்சம் டாலர் பரிசு என்று நியாயம் சொன்னார். அந்தப் படத்தைப் பார்த்திருக்கிறேன். எதிரில் இருப்பவர் நிமிர்ந்தால் இரண்டு பல்லிக் கண் முறைக்கும். பார்க்கவே கூச்சமாக இருக்கும். கூச்சப்படுகிறவன் பார்ப்பதை நிறுத்திவிடுவான். அதுதான் அதன் உபயோகம்.

வக்கீலின் கண்ணாடி எங்களை அப்படி ஒன்றும் செய்யவில்லை. மாறாக, அவர் எதையோ மறைக்கிறார் என்ற சந்தேகம் வந்துவிட்டது. வைத்தால் கூடப் போனோம். அவர் தோற்றது கண்ணாடியால்தான் என்று மண்டி அண்ணன் சொல்கிறார். நான் அவ்வளவு தூரம் போகமாட்டேன். அவருக்குச் சீட்டும் வரவில்லை.

நான் இன்றைக்குக் கவனித்தது கொலுசுத் தம்பியை. பனியன், லுங்கி, நகக்கண்ணில் பாலிஷ் கறுப்பு. போன இரண்டு வாரமும் அவரை யாரும் கணக்கிலேயே எடுக்கவில்லை. பாவம், சின்னப் பையன், சும்மா உட்கார்ந்திருக்கிறான் என்ற எண்ணம். நாள் முழுக்க மணி மணியாகப் பொடி வைத்து ஊதுகிற கை அது. கொட்டையை எடுத்து வைக்கும்போது அந்தக் கையில் அசைவு ஒரே சீர். நல்ல சீட்டென்றாலும் அதே வேகம், வெறும் சீட்டென்றாலும் அதே வேகம். வங்கி மாமாவுக்கு அப்படி இல்லை. நல்ல கை வந்தால் அவர் வலது கை நேராகப் போகிறது; பொய்யென்றால் நடுவில் ஒரு இழுப்பு. முகத்தில் அது கொஞ்சமும் இல்லை.

பிடித்தது முதல் விட்டது வரை மாடியில் நின்று பார்த்தோம். நிலா செம்மண் நிறத்தில் இருந்தது.

செப்டம்பர் 10, புதன்

அக்கா மகன் கோயம்புத்தூரில் மனவியல் படிக்கிறான். வங்கி மாமாவின் கையைப் பற்றிப் போனில் சொன்னேன். "மாமா, அதுக்கு ஆராய்ச்சியே இருக்கு" என்று பிடித்துக்கொண்டான்.

2013-ல் ஸ்லெபியன் என்பவரும் கூட்டாளிகளும் உலகத் தொடர் போக்கர் வீடியோக்களைத் துண்டு துண்டாக வெட்டி மாணவர்களிடம் காட்டினார்களாம். முகம் மட்டும் பார்த்தவர்கள் ஆட்டக்காரரின் சீட்டு நல்லதா கெட்டதா என்று சொன்னது குருட்டாம்போக்கைவிட மோசம். கை மட்டும் பார்த்தவர்கள் குருட்டாம்போக்கைவிட நன்றாகச் சொன்னார்கள். முகத்தைப் பழக்கிவிடுகிறார்கள், கையைப் பழக்குவதில்லை.

இன்னொன்றும் சொன்னான். 2010-ல் வெளிவந்தது. கம்ப்யூட்டரில் எதிராளிக்கு வெவ்வேறு முகம் வைத்து, எளிமையாக்கிய போக்கர் ஆட வைத்தார்கள். எதிரில் நம்பிக்கையான முகம் இருந்தால் ஆடுகிறவர் யோசிக்க நேரம் எடுத்தார், தப்பாக முடிவெடுத்தார். பிளஃப் செய்ய விரும்புகிறவனுக்குக் கல் முகத்தைவிட நல்ல பிள்ளை முகம்தான் லாபம் என்பது அவர்கள் முடிவு. ஒரு முகத்தை நம்பலாமா என்று மனம் தீர்மானிக்க ஒரு வினாடியில் பத்தில் ஒரு பங்கு போதும் என்பது வில்லிஸ், டோடரோவ் 2006-ல் காட்டியது.

ஆராய்ச்சிக்காரர்கள் முகத்தை வைத்துச் செய்தார்கள். நம் ஊரில் முகத்துக்கு முன்னால் துணியைப் பார்த்துவிடுவோம். என் அப்பா கடைவாசலில் ஏறுகிறவரின் வேட்டிக் கரையைப் பார்த்தே எந்த ரகத்தை எடுத்துப் போட வேண்டும் என்று பையனுக்குக் கண் காட்டுவார்.

மைக் காரோ என்பவர் 1984-லேயே இதற்கெல்லாம் புத்தகம் போட்டார். சிப்பை ஒழுங்காக அடுக்குகிறவன் ஒழுங்காக ஆடுவான், வாரி இறைத்தவன் வாரி இறைத்தே ஆடுவான் என்கிற வகையில் போகும். முழுக்கத் தப்பென்று சொல்லமாட்டேன். முன்பின் தெரியாத எதிராளிக்கு ஆரம்பமாக அது பரவாயில்லை. ஆனால் எங்கள் மாடியில் மண்டி அண்ணனின் ஊதாச் சட்டை அதைப் பொய்யாக்கிவிட்டது.

கிறிஸ் ஃபெர்குசன் என்று ஒருவர் இருக்கிறார். தோள் வரை முடி, தாடி, அகலத் தொப்பி, சிலைபோல உட்கார்ந்திருப்பார். அமெரிக்காவில் அவருக்கு 'இயேசு' என்றே பட்டப்பெயர். கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தில் கணினியியல் டாக்டர் பட்டம். 2000-ல் உலகச் சாம்பியன். 2011-ல், ஆட்டக்காரர்கள் கட்டிய பணத்தை எடுத்துப் பங்கிட்டுக்கொண்டதாக ஃபுல் டில்ட் என்ற ஆன்லைன் நிறுவனத்தின் மேல் அமெரிக்க அரசு வழக்குப் போட்டபோது, அதன் இயக்குநர்களில் ஒருவராக இவர் பேரையும் சேர்த்தது. குற்றத்தை ஒப்புக்கொள்ளாமலே 2013-ல் சமரசம் ஆனார். பட்டப்பெயர் மட்டும் இன்னும் மாறவில்லை.

செப்டம்பர் 14, ஞாயிறு

என் யோசனைப்படி இன்று எல்லோரும் வெள்ளை. ஆண்களுக்கு வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை. டீச்சரக்கா வெள்ளைக் காட்டன் சேலை. துணி பேசாமல் இருந்தால் ஆட்டம் எப்படி இருக்கிறது என்று பார்க்கலாம் என்பது எண்ணம்.

துணி பேசாமல் இருக்கவில்லை.

மண்டி அண்ணன் கட்டியிருந்தது பளபளக்கிற சரிகைக் கரை. வங்கி மாமா வெல்க்ரோ ஒட்டு வேட்டி, பாக்கெட் வைத்தது. அதைக் கண்டுபிடித்ததும் "மாமாவுக்கு இடுப்புல நம்பிக்கை இல்ல" என்று வக்கீல் ஆரம்பித்தார், அதோடு மாமாவின் பிளஃபை எவரும் மதிக்கவில்லை. கொலுசுத் தம்பி புது வேட்டி, மடிப்பு கலையவில்லை, கடை முத்திரைகூட ஓரத்தில் அப்படியே. கல்யாணத்துக்கு வந்த மாதிரி கூச்சமாக உட்கார்ந்திருந்தார். கையின் சீர் கெட்டது. இரண்டு தடவை கொட்டையைத் தவறவிட்டார். பனியன் லுங்கியில் யாராலும் படிக்க முடியாதவராக இருந்தவர், வெள்ளை வேட்டியில் திறந்த புத்தகம்.

வக்கீல்தான் உச்சம். கறுப்பு சிவப்புக் கரை. உட்காரும்முன்பே மண்டி அண்ணன், "என்ன வக்கீல் சார், கட்சி கூட்டத்துக்கா வந்தீங்க?" என்றார். அண்ணனுடைய வீட்டில் நடுவில் வெள்ளை ஓடுகிற கரைவேட்டிகள் உண்டு என்பது ஊருக்கே தெரியும். அதன்பின் இரண்டு பேரும் ஒருவர் வைத்தால் இன்னொருவர் விடவில்லை. சீட்டுக்கு ஆடினார்களா, தொகுதிக்கு ஆடினார்களா தெரியவில்லை. வெறும் ஜோடி ஐந்தோடு அண்ணன், அதைவிட மோசமான கையோடு வக்கீல், பாதி கொட்டை நடுவில். தமிழ்நாட்டில் இரண்டு அங்குலக் கரை போதும். ஆபீஸில் கிளார்க் எழுந்து நிற்பதற்கும், சீட்டில் மூளை இறங்கி உட்காருவதற்கும்.

டீச்சரக்கா மட்டும் இன்றைக்கு ஒரே சீராக ஆடினார். வெள்ளைச் சேலையில் அவரை எல்லோரும் பயந்து பார்த்தார்கள், ஏனென்று சொல்லத் தெரியாமல். அக்காவுக்குத் தெரியும். "கணவர் இருக்கார் தம்பி, வீட்ல நல்லா தூங்கறார்" என்று சொல்லிவிட்டுக் கொட்டையை வாரிக்கொண்டார். அந்த ஒரு வாக்கியத்தில் எங்கள் எல்லோருக்கும் முகம் தொங்கிப்போயிற்று.

செப்டம்பர் 21, ஞாயிறு

மகாளய அமாவாசை. காலையில் தர்ப்பணம், மத்தியானம் ஆட்டம். இஷ்டப்படி உடை.

கொஞ்சம் மாற்றம் தெரிகிறது. நேரில் உட்கார ஆரம்பித்ததிலிருந்து எல்லோரும் ஒருவரை ஒருவர் பலமுறை பார்த்துவிட்டார்கள். மண்டி அண்ணனின் சட்டையை இன்று ஒருவரும் பேசவில்லை. அவர் வைத்தால் மடக்குகிறார்கள். அவரும் அதைப் புரிந்துகொண்டு முதல்முறையாக ஒரு பொய்க் கை ஆடி ஜெயித்தார். ஊதாச் சட்டையின் மேல் எங்களுக்கிருந்த அபிப்பிராயத்தை அவர் நாலு ஞாயிறில் உடைத்து, உடைந்ததை வைத்து ஒரே கையில் சம்பாதித்தார்.

வங்கி மாமாவுக்கு மட்டும் பேனா இன்னும் வேலை செய்கிறது. புதிதாக யாராவது வந்தால் முதல் அரை மணி அவருக்குத்தான். இன்று வந்த சாயப்பட்டறைக்காரர், நகத்தில் நீலத்தோடு உட்கார்ந்து, மாமா வைத்த ஒவ்வொன்றுக்கும் மடக்கினார். நாங்கள் யாரும் வாயைத் திறக்கவில்லை. ஆட்டத்தில் உட்கார்ந்தவருக்கு அதைச் சொல்வது நாகரிகமில்லை.

செப்டம்பர் 22, திங்கள்

புது ஜிஎஸ்டி அமல். பில் புத்தகம் மாற்றியாயிற்று.

1921-ல் இதே தேதியில்தான் காந்தி மதுரையில் மேலாடையை விட்டு முழத்துண்டுக்கு மாறினார். பத்து வருஷம் கழித்து, 1931-ல், வைஸ்ராய் இர்வினோடு பேச அந்த உடையோடே மாளிகைப் படியேறியபோது, சர்ச்சிலுக்குக் கண்ணில் பட்டது அந்த உடைதான். அரைநிர்வாணப் பக்கிரி என்று ஏசினார். மேஜைக்கு எதிர்ப்பக்கம் உட்கார்ந்த இர்வின் துணியைத் தாண்டிப் பேசினார். மார்ச் 5-ல் ஒப்பந்தம் கையெழுத்தாயிற்று. தூர இருந்து பார்த்தவருக்கும் எதிரில் உட்கார்ந்தவருக்கும் இவ்வளவு வித்தியாசம்.

சாயங்காலம் வாட்ஸ்அப்பில் விதி எழுதினோம். கறுப்புக் கண்ணாடி, தொப்பி வேண்டாம். முகம் தெரிய வேண்டும். கரைவேட்டி கூடாது, தேர்தல் வரப்போகிறது. புதிதாக வருகிறவர் முதல் வாரம் ஆடாமல் பக்கத்தில் உட்கார்ந்து கையைப் பார்க்க வேண்டும். துண்டு இருக்கலாம். தீபாவளி அக்டோபர் 20, வேட்டி ஆர்டர் குவிந்து கிடக்கிறது, மாடி முழுக்கப் பெட்டி; ஆகவே அடுத்த ஆட்டம் அதற்கு அப்புறம்தான்.